ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றி காயில் ஸ்பிரிங் மாட்டுவது எப்படி?

காலையில் பார்த்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் (காற்றடைக்கும் பம்ப்) கரகரவென்று ஓடி மெல்லத் தூக்கும். ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பை) கசிகிறது என்பதற்கு இதுதான் முதல் அடையாளம். ரப்பர் மடியும் இடத்தில்தான் வெடிப்பு விடும். சென்னையில் மணலி பக்கம் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி அந்த மடிப்பில் சேர்ந்துகொண்டு ரப்பரை அராவும். எண்ணூர் உப்புக்காற்று உலோக இணைப்புகளை அரிக்கும். கசிவை ஈடுகட்ட ஓடி ஓடிக் கடைசியில் கம்ப்ரஸரும் எரியும். கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி என்றால் அது இன்னும் சீக்கிரம்.

முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். குழாய் இணைப்பில் மட்டும் நுரை வந்தால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றினால் போதும், மேற்கொண்டு எதையும் கழற்ற வேண்டாம். பேக் மடிப்பிலேயே நுரை வந்தால்தான் இந்த வேலை. மாற்றிய பிறகு உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி போய்விடும், பாரம் ஏற்றினால் பின்பக்கம் இறங்கும். இதற்குச் சம்மதம் என்றால் மேலே போகலாம்.

ஸ்பிரிங் கிட் வாங்கும்போது மாடல், ஆண்டு, எஞ்சின் மூன்றையும் சொல்லி வாங்குங்கள். எஞ்சின் எடை மாறினால் முன் ஸ்பிரிங்கும் மாறும். புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில் கிடைத்த ஏதோ ஒரு ஸ்பிரிங்கை அறுத்து உயரம் சரிசெய்யும் யோசனையே வேண்டாம்: அறுத்த ஸ்பிரிங் விறைப்பாகும், முனை தட்டில் சரியாக உட்காராது, பள்ளத்தில் விழுந்தால் இடம் விட்டு நழுவும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே தடவையில் மாற்றுவதே நல்லது.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். வண்டி ஏற்கெனவே தொய்ந்திருந்தால் அந்த அளவு உதவாது. சர்வீஸ் மேனுவல் அளவை எடுங்கள். வீல் நட்டுகளைத் தரையிலேயே லேசாகத் தளர்த்துங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கம்ப்ரஸர் ரிலேயையும் பிடுங்குங்கள். சில வண்டிகளில் கதவைத் திறந்தாலே சிஸ்டம் விழித்து உயரத்தைச் சரிசெய்யக் கிளம்பிவிடும். அப்போது அடியில் கை இருக்கக் கூடாது. வண்டியைத் தூக்கி ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

இனி காற்றை இறக்க வேண்டும். ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) இருந்தால், பேட்டரியை மட்டும் மறுபடி மாட்டி அதிலேயே இறக்கிவிட்டுத் திரும்பக் கழற்றுங்கள். இல்லையென்றால் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, பேக்கின் குழாய் நட்டைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். 'உஸ்' சத்தம் முழுக்க நிற்கும் வரை பொறுங்கள். டயரில் இருப்பதைவிட அதிக அழுத்தம் உள்ளே இருக்கும். ஒரேயடியாகக் கழற்றினால் நட்டு முகத்துக்கு வரும்.

அதன்பின் ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் தண்டு), லோயர் போல்ட், கடைசியாக மேலே உள்ள நட்டுகள் என்று கழற்றுங்கள். துருப்பிடித்த போல்ட்டில் முதல் நாளே துருநீக்கும் ஆயில் ஊற்றி வைத்தால் பாதி வேலை மிச்சம். பிரேக் காலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டுங்கள். ஹைட் சென்சரை (உயரத்தை அளக்கும் சென்சர்) தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல வண்டிகளில் ஹெட்லைட் தானாக ஏறி இறங்குவதும் அதை வைத்துத்தான்.

புதிய ஸ்பிரிங்கின் கீழ் முனை தட்டிலுள்ள தடுப்பில் முட்டி நிற்க வேண்டும். முன்-பின், இடது-வலது லேபிளைப் பார்த்து மாட்டுங்கள். மேல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) இறுக்கலாம். ஆனால் ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறை) உள்ள கீழ் போல்ட்டுகளை இப்போது கையிறுக்கத்தோடு விடுங்கள். சக்கரம் மாட்டி வண்டியை இறக்கி, எடை முழுக்க விழுந்த பிறகே மேனுவல் அளவுக்கு இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும். வண்டி உயரமாகத் தெரியும், சில மாதத்தில் ரப்பர் கிழிந்து 'டொக் டொக்' ஆரம்பிக்கும். அநேகம் பேர் ஸ்பிரிங்கைக் குறை சொல்வது இந்தச் சத்தத்துக்குத்தான்.

டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்கு எரியத்தான் செய்யும். கிட்டோடு வரும் மாட்யூலை (அந்த விளக்கை அணைக்கும் சிறு மின்னணுப் பெட்டி) மாட்டுங்கள், அல்லது ஸ்கேனரில் ஏர் சஸ்பென்ஷன் கோடிங்கை நீக்கச் சொல்லுங்கள். விளக்கின் மேல் டேப் ஒட்டுவது, வயரை வெட்டுவது இரண்டும் வேண்டாம். அதே வயர்க் கட்டுக்குள் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) வயரும் போகலாம். கழற்றிவிட்ட காற்றுக் குழாய்களின் வாயை மூடி, உரசாத இடத்தில் கட்டிவிடுங்கள்.

முதல் ஓட்டத்தில் ஸ்பீட் பிரேக்கர் மீது மெதுவாக ஏற்றிக் கேளுங்கள். மேலிருந்து 'டக்' என்று வந்தால் மேல் நட்டு தளர்வு. சில நூறு கிலோமீட்டரில் ஸ்பிரிங் சற்றுப் படியும். அப்போது எல்லா போல்ட்டையும் மறுபடி பார்த்து, உயரத்தை அளந்துவிட்டு வீல் அலைன்மென்ட்டுக்கு விடுங்கள். முதல் நாளே செய்தால் அந்தக் காசு வீண்.