அடினோமயோசிஸ்: அழற்சிச் சுற்றைப் புரிந்துகொண்டு வலியையும் இரத்தப்போக்கையும் கையாள்வது எப்படி

அடினோமயோசிஸ் வலிக்கு மாத்திரை போட்டும் பலன் இல்லை என்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எப்போது போட்டீர்கள்? வலி உச்சத்துக்குப் போன பிறகு என்றால், பலன் இல்லாததில் வியப்பில்லை. காரணம், கருப்பைச் சுவருக்குள் நோயெதிர்ப்புச் செல்கள் நடத்தும் ஒரு வேதிச் சுற்று. அதில் எந்த இடத்தை எந்த மருந்து தொடுகிறது என்று தெரிந்தால், எதை எப்போது எடுக்க வேண்டும், எதற்குப் பணத்தை வீணாக்கக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

சுவருக்குள் நடப்பது

கருப்பையின் உள்வரிச் சவ்வைச் சேர்ந்த சுரப்பிகளும் திசுவும் தசைச் சுவருக்குள் இறங்கியிருக்கும் நிலைதான் அடினோமயோசிஸ். சிக்கிய அந்தத் திசுவும் ஹார்மோன்களுக்கு ஏற்ப மாறுகிறது. தசைக்குள் காயம் ஏற்படுகிறது. காயத்தைச் சரிசெய்ய மேக்ரோபேஜ் செல்கள் திரண்டு இன்டர்லூகின்-1 பீட்டா, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப்-ஆல்ஃபா போன்ற சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. இந்தச் சமிக்ஞைகள் செல்களில் காக்ஸ்-2 நொதியைப் பெருக்க, அது புரோஸ்டாகிளாண்டின்களை உருவாக்குகிறது. அவற்றில் எஃப்-2 ஆல்ஃபா தசையை இறுக்கிப் பிழிகிறது. இழுத்துப் பிடிக்கும் வலி அதுதான். ஈ-2 அரோமடேஸ் நொதியைத் தூண்டி அங்கேயே ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் திசுவை வளர்க்கிறது, திசு மறுபடி அழற்சியைக் கிளப்புகிறது. சுற்று தனக்குத் தானே தீனி போட்டுக்கொள்கிறது.

இதைத் தணிக்க வேண்டியது புரோஜெஸ்டிரோன். ஆனால் இந்தத் திசுவில் அதன் ஏற்பிகள் (ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள்) குறைந்திருப்பதால் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. இதற்கிடையே வி.ஈ.ஜி.எஃப். புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கிறது (இரத்தப்போக்கு கூடுகிறது), நரம்பு வளர்ச்சிக் காரணி வலி நரம்புகளைப் பெருக்குகிறது, டி.ஜி.எஃப்-பீட்டா தசையை நாராக்கிக் கெட்டிப்படுத்துகிறது.

இதைப் படித்துவிட்டு, 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட' ஏதாவது சாப்பிடலாமா என்று தேட வேண்டாம். இங்கே எதிர்ப்புச் சக்தி குறைந்துபோகவில்லை. ஓய வேண்டிய நேரத்தில் ஓயாமல் இருக்கிறது. முடக்கு வாதம் போல உடலே உடலைத் தாக்கும் நோய்களின் பட்டியலிலும் இது சேராது; அதனால் ஸ்டீராய்டு மாத்திரைக்கு வழக்கமான சிகிச்சையில் இடமில்லை.

முதலில் குறிப்பேடு

இரண்டு மாதவிடாய்ச் சுழற்சிகளுக்கு நாள்வாரியாக எழுதுங்கள்: வலி 0 முதல் 10 வரை எவ்வளவு, எந்த மணிக்கு மாத்திரை போட்டீர்கள், எத்தனை மணி நேரத்தில் அடங்கியது, எத்தனை நாப்கின், இரத்தக் கட்டிகள் 2.5 செ.மீ.க்கு மேல் இருந்தனவா. மாதவிடாய் இல்லாத நாட்களின் வலியைத் தனி நிறத்தில் குறியுங்கள்.

அந்தத் தனி நிறம்தான் முக்கியம். மாதவிடாயோடு வந்து போகும் இழுப்பு வலி பெரும்பாலும் புரோஸ்டாகிளாண்டின் வேலை; வலி மாத்திரைக்கு அடங்கும். மாதம் முழுக்க மந்தமாக இருக்கும் வலி, உடலுறவின்போது வலி ஆகியவற்றில் நரம்புகளுக்கும் நாராகிப்போன தசைக்கும் இறுகிய இடுப்புத்தளத் தசைகளுக்கும் பங்கு உண்டு. அதற்கு மாத்திரையின் அளவைக் கூட்டிப் பயனில்லை; ஹார்மோன் சிகிச்சையும் இடுப்புத்தள பிசியோதெரபியும் தேவைப்படும்.

ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும்

முதல் ஸ்கேன் பிறப்புறுப்பு வழி அல்ட்ராசவுண்ட். அறிக்கையில் தசைக்குள் சிறு நீர்க்கட்டிகள், வெண்மையாகத் தெரியும் தீவுகள், உள்வரியிலிருந்து தசைக்குள் நீளும் கோடுகள் என்று இருந்தால் அவை நேரடி அடையாளங்கள். ஒருபக்கச் சுவர் தடிப்பு, உருண்டையான கருப்பை, விசிறி போன்ற நிழல் ஆகியவை மறைமுக அடையாளங்கள்; அவற்றை மட்டும் வைத்து முடிவு கட்டுவது அவசரம். நார்த்திசுக் கட்டியோடு குழப்பம் வந்தால் டாப்ளரை (இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) பாருங்கள்: கட்டியில் இரத்தக் குழாய்கள் ஓரத்தைச் சுற்றி ஓடும், அடினோமயோசிஸில் ஊடாகவே புகுந்து போகும்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால், உள்வரிக்கும் வெளித்தசைக்கும் இடைப்பட்ட சந்திப்பு மண்டலத்தின் தடிமனைப் பார்ப்பார்கள். 12 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் அடினோமயோசிஸுக்கு வலுவான அறிகுறி. மாதவிடாய் நாட்களில் எடுத்தால் கருப்பைச் சுருக்கமே தடிப்பு போலத் தெரியலாம். வேறு நாளுக்கு மாற்றுங்கள். ஹார்மோன் மருந்து எடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மண்டலம் மெலிந்து தெரியக்கூடும்.

அழற்சி நோய்தானே என்று சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்ற அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தால் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். சண்டை சுவருக்குள் நடக்கிறது, இரத்தத்தில் அதன் தடயம் குறைவு. இயல்பாக வந்ததால் நோய் இல்லை என்று ஆகாது. இரத்தத்தில் சி.ஏ.-125 என்ற புரதம் சற்றே உயரலாம், ஆனால் மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (உள்வரிச் சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) எல்லாவற்றிலும் அது உயரும்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபினும், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து, இரும்புச்சத்து போதும் என்று காட்டும். இதற்காகத்தான் சி.ஆர்.பி.யை உடன் பார்ப்பது. இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பதற்கும் காரணம் உண்டு: ஒரு வேளை எடுத்ததும் இரும்பு உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, சுமார் ஒரு நாளுக்கு அடுத்த வேளையின் உறிஞ்சலைக் குறைக்கிறது.

வலி மாத்திரை: நேரமும் அளவும்

இந்த மாத்திரைகள் காக்ஸ் நொதியைத் தடுக்கின்றன. ஏற்கெனவே உருவான புரோஸ்டாகிளாண்டினை அவை அகற்றுவதில்லை. எனவே மாதவிடாய் தொடங்கும் முந்தைய நாளோ, முதல் கறை தெரிந்த உடனேயோ ஆரம்பித்து, இரண்டு மூன்று நாட்களுக்கு வேளை தவறாமல் எடுக்க வேண்டும். வழக்கமான அளவு இபுபுரோஃபென் 400 மி.கி. அல்லது மெஃபெனாமிக் அமிலம் 500 மி.கி., நாளுக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்.

அடிக்கடி நடக்கும் தவறு, ஒன்று போதவில்லை என்று அதே வகையில் இன்னொன்றையும் சேர்ப்பது. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சேதமும்தான் கூடும். வேண்டுமானால் பாராசிட்டமால் சேர்க்கலாம். வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ஆஸ்பிரினால் தூண்டப்படும் ஆஸ்துமா, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கருத்தரிக்க முயல்பவர்கள் சுழற்சியின் நடுவில் தவிர்க்கவும். முட்டை வெளிவருவதை இது தடுக்கலாம்.

டிரானெக்ஸாமிக் அமிலம் இரத்தப்போக்கைக் குறைக்கும், சுற்றைத் தொடாது, வலிக்கு உதவாது. 1 கிராம் மூன்று வேளை, அதிக இரத்தப்போக்குள்ள நாட்களில் மட்டும், நான்கு நாட்கள் வரை. முன்பு இரத்தக் குழாயில் அடைப்பு வந்தவர்களுக்குக் கூடாது.

ஹார்மோன் சிகிச்சை

சுற்றின் வேரைத் தொடுவது இதுதான். 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் (புரோஜெஸ்டிரோன் போன்ற ஹார்மோன்) கருப்பைச் சாதனம் மருந்தை நேரடியாகக் கருப்பைக்குள் விடுவதால், ஏற்பிகள் குறைந்த இடத்திலும் வேலை செய்யும் அளவு கிடைக்கிறது. பெரிதாகிவிட்ட கருப்பையில் சாதனம் நழுவி வெளியேறும் வாய்ப்பு கூடுதல், நூலைச் சோதித்துக்கொள்ளுங்கள். அதே வகை மாத்திரையான டையனோஜெஸ்ட் 2 மி.கி. என்றால் தினமும் ஒரே நேரத்தில், இடைவெளி விடாமல். அதைக் கருத்தடை என்று நம்ப வேண்டாம், ஆணுறை தேவை.

இரண்டிலும் முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் ஒழுங்கற்ற கறை படும். பலர் இந்தக் கட்டத்திலேயே நிறுத்திவிட்டு, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். அதிக இரத்தப்போக்கு இல்லாத வரை பொறுத்துப் பாருங்கள். சினைப்பையின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பை அடக்கும் ஜி.என்.ஆர்.எச். ஊசியில் முதல் இரண்டு வாரங்கள் அறிகுறிகள் கூடிப் பிறகு அடங்கும். எலும்பு அடர்த்தி குறைவதால் நீண்ட காலம் தனியாகத் தரமாட்டார்கள். எதை நிறுத்தினாலும் அறிகுறிகள் திரும்பக்கூடும்.

கருத்தரிக்க விரும்பினால்

அழற்சி உள்வரிச் சவ்வையும் பாதிக்கிறது. கரு ஒட்டுவதற்கான எல்.ஐ.எஃப். போன்ற சமிக்ஞைகள் குறைகின்றன. சோதனைக்குழாய் முறையில் கருவைக் கருப்பைக்குள் வைக்கும் கரு மாற்றத்துக்கு முன் ஜி.என்.ஆர்.எச். ஊசி தரும் வழக்கம் இதனால்தான். இரத்தத்தில் இயற்கைக் கொல்லிச் செல்களை (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள்) எண்ணும் பரிசோதனைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளும் முன் யோசியுங்கள்: கருப்பையில் உள்ள கொல்லிச் செல்கள் வேறு ரகம், இரத்த எண்ணிக்கை அவற்றைக் காட்டாது. அதை நம்பித் தரும் இன்ட்ராலிபிட் (இரத்தக் குழாய் வழி ஏற்றும் கொழுப்புக் கரைசல்), ஸ்டீராய்டு சிகிச்சைகளை அடினோமயோசிஸ் என்ற காரணத்துக்காக மட்டும் ஏற்க வேண்டியதில்லை.

மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, வலியோடு காய்ச்சலும் துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் வந்தால், பழைய அறிக்கையில் அடினோமயோசிஸ் என்று இருந்தாலும் உள்வரிச் சவ்வைப் புதிதாகச் சோதித்தாக வேண்டும்.