எம்.எஸ். உள்ளவர்கள் உடற்பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.; மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய்) என்று தெரிந்த நாளில் வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "இனிமே உடம்பை அலட்டிக்காதே." பாசத்தில் சொன்னது, ஆனால் தப்பு. ஒரு காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 1996இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். உள்ளவர்களுக்கு 15 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, அவர்களின் மூச்சுத்திறனும் தசைவலுவும் கூடியிருந்தன. அதன் பிறகுதான் அந்த எண்ணம் மெல்ல மாறியது.

முதலில், நரம்பியல் டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுவிடுங்கள். ரிலாப்ஸ், அதாவது நோய் திடீரென்று மறுபடி தீவிரமாவது, இருக்கும்போது புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.

அடுத்தது நேரம். நம் ஊர் வெயிலில் இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். எம்.எஸ்.ஸில் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சேதமாகியிருக்கும். உடல் சூடு கொஞ்சம் ஏறினாலும் அந்த நரம்பில் செய்தி தடைபடும். பார்வை மங்கும், கால் துவளும். உடலை அலட்டியதும் பார்வை மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் 1890இலேயே குறித்து வைத்தார். தங்கைக்கு முதல் தடவை இப்படி ஆனபோது நோய் முற்றிவிட்டதென்று இருவரும் அழுதோம். நிழலில் உட்கார்ந்து குளிர்ந்த தண்ணீர் குடித்ததும் பார்வை தெளிந்தது. சூட்டால் வரும் இந்தத் தொல்லை உடம்பு குளிர்ந்தால் போய்விடும், நரம்பைப் புதிதாகச் சேதப்படுத்தாது. காய்ச்சல் இல்லாமலே புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

அதனால் விடிவதற்கு முன்போ, ஃபேனுக்கு அடியிலோ செய்யுங்கள். தொடங்குவதற்கு முன் சில்லென்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

இனி பயிற்சி. கை வைத்த, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். பாதம் இரண்டையும் தரையில் பதித்து, மூக்கு முழங்காலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிந்து எழுந்திருங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல், மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். தொடைக்கு வலு தருவது அந்த நிதானம்தான். தொடக்கத்தில் ஐந்து முறை போதும். பழகப் பழக 10, 15 என்று கூட்டலாம்.

பிறகு நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். தங்கை ஐந்து நிமிடத்தில்தான் தொடங்கினாள். களைத்தால் அவளுடைய வலது பாதம் தூக்காது. செருப்பு தரையில் 'சரக் சரக்' என்று இழுபடும். அந்தச் சத்தம் கேட்டால் அங்கேயே நின்று உட்கார்ந்துவிடுவோம். சமாளித்து நடந்தால் கால் தடுக்கி விழ நேரும். தெருவில் எங்கே உட்கார முடியும் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். செருப்புக்குப் பதில் பின்பட்டை வைத்த ஷூ நல்லது. நடக்கச் சிரமமென்றால் உட்கார்ந்தபடியே கைப்பயிற்சி செய்யலாம், அதுவும் பயிற்சிதான்.

பயிற்சியை எந்த அளவு வரை கூட்ட வேண்டும்? லேசான, நடுத்தர பாதிப்பு உள்ள பெரியவர்களுக்குக் கனடா 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, வாரத்தில் இரண்டு நாள் 30 நிமிடம் நடை போன்ற பயிற்சி, இரண்டு நாள் தசைப்பயிற்சி என்கிறது. அதை எட்ட எங்களுக்குப் பல மாதம் பிடித்தது. அவசரமே வேண்டாம்.

ஒரு நோட்டில் மூன்றே மூன்று எழுதுங்கள்: செய்தது என்ன, எத்தனை நிமிடம், மறுநாள் காலை எப்படி இருந்தது. இதில் மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். செய்யும்போது வரும் களைப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால் சரி. மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லையென்றால் அளவு மிஞ்சிவிட்டது; அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். "நேத்து பதினாலு நிமிஷம், காலைல நானே காபி போட்டேன்" என்று இன்று அவள் எழுதியிருக்கிறாள். நாளைக்கும் பதினாலுதான்.