கங்காரு தீவின் கருப்பு காக்கட்டூ: தீக்கு முன்னும் பின்னும்

தெற்கு ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் வாழும், கிளி இனத்தைச் சேர்ந்த கருப்பு காக்கட்டூவுக்கு, நம்மூர்ச் சவுக்கின் உறவான தொங்கு சவுக்கின் காய்தான் ஏறக்குறைய முழுச் சாப்பாடும். 1995-இல் சுமார் 158 பறவைகளே இருந்தன. பல ஆண்டு உழைப்பில் 370-ஐ எட்டிய நேரத்தில்தான் 2019-20 கோடைத் தீ தீவின் பாதியைத் தின்றது.

எந்தச் சவுக்கைக் காப்பது என்பதைப் பறவையே காட்டிவிடும். குறிப்பிட்ட சில மரங்களுக்கே அது மீண்டும் மீண்டும் வரும். மரத்தடியில் கடித்துப் போட்ட காய்த்துணுக்கு வெளிறியிருந்தால் புதியது, சாம்பல் நிறமென்றால் பழையது. அந்தத் தோப்புகளில் சருகைக் குறைப்பதற்காகக்கூடத் தீ வைக்காதீர்கள். தீ பட்டால் இந்தச் சவுக்கு பட்டுப்போகும். பிறகு விதையிலிருந்துதான் முளைத்து வர வேண்டும்.

கூடு இருப்பது முதிர்ந்த தைலமரப் பொந்துகளில். அடிமரத்தில் ஓட்டை இருந்தால் நெருப்பு உள்ளே புகுந்து புகைபோக்கி போல மேலே ஏறிவிடும். உரிந்த பட்டை, சருகு, விழுந்த கிளை எல்லாவற்றையும் மரத்தைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டருக்கு வாரி, மண் தெரியும்படி செய்யுங்கள். வாருகோலே போதும், புல்வெட்டும் இயந்திரத்தின் தகடு கல்லில் பட்டுப் பொறி பறந்தால் அதுவே தீயைத் தொடங்கிவிடும். அக்டோபர், நவம்பர் சரியான காலம். முந்தைய பருவத்துக் குஞ்சு பறந்திருக்கும், அடுத்த முட்டைக்கு நாள் இருக்கும், டிசம்பரில் தொடங்கும் அந்த ஊர்க் கோடையும் முற்றியிருக்காது. ஒரு ஜோடி ஒரே முட்டைதான் இடும் என்பதால் அடைகாக்கும் தாயைக் கலைக்கவே கூடாது.

செயற்கைக் கூடுகளை ஒரே பள்ளத்தாக்கில் குவிக்காதீர்கள். பிளாஸ்டிக் குழாய்க் கூடு உருகும், மரப்பெட்டி எரியும். தள்ளித் தள்ளி வைத்தால் சிலவாவது மிஞ்சும்.

தீ அணைந்த பிறகு பெரிய ஆபத்து பொசம் என்ற, மரமேறும் சிறு பைப்பாலூட்டி. எரியாமல் தப்பிய திட்டுகளில் அவை நெருங்கி வாழும்; பொந்தில் ஏறி முட்டையையும் குஞ்சையும் தின்னும். கூட்டு மரத்தைச் சுற்றி வழுவழுப்பான அகலத் தகடு அடியுங்கள். பக்கத்து மரக்கிளை தொட்டுக்கொண்டிருந்தால் தகடு வீண், அதையும் வெட்டிவிடுங்கள். தீக்கு முன்பே இந்த முறையால், குஞ்சு வெற்றிகரமாக வளர்ந்த கூடுகள் 23 விழுக்காட்டிலிருந்து 42-க்கு உயர்ந்தன. ஆனால் கருகிய மரங்கள் தீக்குப் பல வாரங்கள் கழித்தும் சாயும். காற்றடிக்கும் நாளில் அடியில் நிற்காதீர்கள்.

சவுக்கு நாற்றுக்கு, முற்றியும் திறக்காத காய்களைப் பறித்துக் காகிதப்பையில் உலர்த்தினால் விதை தானே உதிரும். மேலாக மண் தூவி விதைத்து, குளிர்கால மழையில் நடுங்கள். வாலபி என்ற சிறு கங்காரு கடிக்காதபடி கூண்டு கட்டாயம். ஆண் மரம் காய்க்காது, நாற்றில் அது தெரியவும் தெரியாது. அதனால் தேவைக்கு இரண்டு மடங்கு நடுங்கள்.