விட்டுப்போன அதிகாரங்களை விட்டுவிடுங்கள்

ஒரே வருஷத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்க வேண்டுமென்றால் 1189 அதிகாரங்களை 365 நாளுக்குப் பங்கிட வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று சொச்சம் வரும். ஆதியாகமத்தில் 50, யாத்திராகமத்தில் 40. இந்தக் கணக்கில் புத்தாண்டு ஆராதனை முடிந்து அந்த வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையோடு வீட்டுக்கு வந்து உற்சாகமாக ஆரம்பிப்பவர், ஜனவரி கடைசி வாரத்தில் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில் போய் நிற்பார். தகனபலி, போஜனபலி, குஷ்டரோகத்துக்கான பிரமாணம். அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாணமும் ஒரு காய்ச்சலும் வந்தால் நான்கு நாள் விட்டுப்போகும், பதின்மூன்று அதிகாரம் பாக்கி நிற்கும். பிப்ரவரி நடுவில் மேஜைமேல் இருக்கும் வேதாகமத்தைப் பார்த்தாலே, கடன் கொடுத்தவர் எதிரில் வருவதைப் பார்த்ததுபோல் தெரு மாறிப் போகத் தோன்றும்.

தெரு மாறிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சேலத்தில் நாலு ரோடு பக்கமோ அம்மாப்பேட்டையோ, மேலே ஏற்காட்டில் தோட்டத்து லைன் வீடோ, எந்தச் சபைக்குப் போகிறவராக இருந்தாலும் சரி.

முதல் வேலை, பாக்கியை ரத்து செய்வது. இதைப் பாதி மனதோடு செய்யாதீர்கள். அட்டவணையில் இன்றைய தேதி எங்கே இருக்கிறதோ அங்கே போய்விடுங்கள், அல்லது அட்டவணையையே மடித்து டிராயருக்குள் வையுங்கள். ஒரே ராத்திரியில் ஈடுகட்டுவதற்காக வாசிக்கிற பதின்மூன்று அதிகாரத்தில் ஒரு வரிகூடக் காலையில் ஞாபகம் இருக்காது, டிக் போட்ட திருப்தி மட்டும்தான் மிஞ்சும். ஒரு நாளைக்கு நான்கு அதிகாரம் வாசிக்கக்கடவாய் என்று எந்தப் பிரமாணமும் வேதத்தில் இல்லை. அதிகாரம் என்கிற பிரிவே 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற இங்கிலாந்துப் பேராயரால் வந்தது என்பார்கள், புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களை 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டார். பாதி அதிகாரத்தில் மூடி வைத்தால் ஒன்றும் ஆகாது.

திட்டம் போட்டுக் கொடுத்தவர்களே இதை யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. இன்றுவரை உலகம் முழுக்கப் புழங்குகிற ஒரு வருஷத் திட்டத்தை 1842இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் தன் சபைக்காக எழுதினார். பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறை. அந்தத் திட்டத்தோடு கொடுத்த கடிதத்திலேயே அதிலுள்ள ஆபத்துகளையும் எழுதிவிட்டார்: வெறும் சடங்காகிவிடலாம், முடித்ததை நினைத்துச் சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டிவிடலாம், சிலருக்குத் தூக்க முடியாத நுகமாகவும் ஆகலாம். நம் ஊரில் அட்டவணையை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறோம், கடிதத்தைக் கொடுப்பதில்லை.

குற்ற உணர்ச்சி இன்னொரு வழியாகவும் வரும், அது அட்டவணையைவிட மோசம். காலையில் வேதம் வாசிக்காமல் கிளம்பினேன், அதனால்தான் பைக் பஞ்சர், அதனால்தான் இன்டர்வியூ போச்சு, அதனால்தான் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு கணக்கு நம் வீடுகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாசித்துவிட்டுப் போனவர் வண்டியும்தான் கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் பஞ்சர் ஆகிறது. தலையணைக்கு அடியில் வைப்பது, கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தைக் குறியாக எடுத்துக்கொள்வது எல்லாம் இதே வகை. ஆத்திரக்காரர் ஒருவருக்குத் தினம் கப்பம் கட்டுவதாக நினைத்துக்கொண்டு வாசித்தால் அவர்மேல் பிரியம் எப்படி வரும்? கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்று ரோமர் 8 சொல்வதை மற்ற விஷயங்களுக்கெல்லாம் நம்பிவிட்டு, வேத வாசிப்புக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கிறோம்.

ஆனால் ஒன்று. எல்லா உறுத்தலும் வெட்டி உறுத்தல் கிடையாது. தம்பியோடு சொத்துத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருக்கிறீர்கள், அது வாசிக்கும்போதெல்லாம் குறுக்கே வந்து நிற்கிறது என்றால், அதற்குக் கூடுதலாக நான்கு அதிகாரம் வாசிப்பது மருந்தாகாது. மத்தேயு 5 காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பு வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது. வேதாகமத்தை மூடிவிட்டு பஸ் ஏறுங்கள்.

சரி, எதை வாசிப்பது? சின்னப் புத்தகம் ஒன்றை எடுங்கள். யோனா 48 வசனம், ரூத் 85, பிலிப்பியர் 104. எதையும் ஒரே உட்காரலில் முடிக்கலாம். முடித்துவிட்டு மறுநாள் அடுத்த புத்தகத்துக்குத் தாவாமல் அதையே திரும்ப வாசியுங்கள், மறுநாளும் அதையே. போரடிக்குமே என்பீர்கள். மூன்றாம் நாள்தான் ஆட்கள் தெரிய ஆரம்பிப்பார்கள். பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதிய கடிதமான பிலிப்பியரையே பாருங்கள், முதலில் கண்ணில் படுவது சுவரில் மாட்டும் வசனங்கள்தான், என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே, கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது, இந்தச் சந்தோஷத்தை எழுதுகிற மனுஷன் காவலில் இருக்கிறார் என்பது உறைக்கும். அப்புறம் நான்காம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். ஏதோ மனஸ்தாபம், என்னவென்று எழுதவில்லை. பவுல் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கியமாகப் புத்தி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், இவளுக்கும் புத்தி சொல்கிறேன் அவளுக்கும் புத்தி சொல்கிறேன் என்று தனித்தனியாகச் சொல்கிறார், யார் பக்கமும் சாயாமல். கடிதம் சபையில் சத்தமாக வாசிக்கப்பட்டபோது அந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். இப்படி இரண்டு பேர் இல்லாத பெண்கள் ஐக்கியம் சேலம் ஜில்லாவில் இருந்தால் சொல்லுங்கள்.

சுவிசேஷங்களிலும் இதேதான். மாற்கு 5இல் யவீருவின் பன்னிரண்டு வயது மகள் உயிரோடு எழுந்திருக்கிறாள், வீடே பிரமித்து நிற்கிறது, அந்த நேரத்தில் இயேசு சொல்கிற கடைசிக் காரியம், பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பது. அற்புதத்தைப் பார்த்த அத்தனை பேருக்கும் மறந்துபோனது அவருக்கு ஞாபகம் இருந்தது. இதை வேகமாக ஓட்டி டிக் போட்டுவிட்டு மாற்கு 6க்குப் போவது எவ்வளவு நஷ்டம். வேதத்தின்மேல் அன்பு வரவேண்டும் என்று ஜெபத்தில் கேட்கிறோம், கேளுங்கள், நல்லதுதான். ஆனால் அன்பு பெரும்பாலும் இப்படி ஒரு ஆளைக் கவனிப்பதில்தான் ஆரம்பிக்கும். ஏதாவது ஒரு இடம் உங்களைப் பிடித்து நிறுத்தினால் அங்கேயே நின்று கர்த்தரிடம் பேசுங்கள். அன்றைக்கு அவ்வளவு போதும்.

நேரத்தைப் பற்றி நிறையப் பேர் அறிவுரை சொல்வார்கள், அதிகாலை நான்கு மணி என்பார்கள். அது முடிகிறவர்களுக்கு முடியட்டும். ஏற்காட்டுத் தோட்டங்களில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற காலம், பனியில் எழுந்து வேலைக்குப் போய் ராத்திரி கை வலியோடு படுக்கிறவர்களிடம் ஜனவரி முதல் தேதி அட்டவணையை நீட்டினால் அது அவர்களுக்குத் தோல்வியை நீட்டுவதுதான். செடி பூக்கிற மார்ச், ஏப்ரலில் ஆரம்பித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை கோர்க்கிற ஒரு அக்கா, கையும் கண்ணும் வேலையில் இருப்பதால் போனில் ஆடியோ வேதாகமத்தைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே கோர்ப்பார், ஏதாவது புரியாவிட்டால் பக்கத்திலிருக்கும் மகளிடம் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டச் சொல்வார். இது வாசிப்பாகுமா என்று அவருக்கே சந்தேகம். தாராளமாக ஆகும். கொலோசெயர் 4இல் பவுல் தன் கடிதத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிப்பிக்கச் சொல்கிறார், அந்தக் காலத்து விசுவாசிகளில் பெரும்பாலானோர் காதால்தான் வேதத்தை அறிந்தார்கள். தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலில் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்ததே 1715இல்தான். ஆளுக்கொரு வேதாகமம் கையில் இருப்பதெல்லாம் சமீபத்துச் சௌகரியம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போய்த் திரும்புவதற்குள் மாற்கு முழுவதையும் கேட்டுவிடலாம். வாசிக்க மட்டும் முயலாதீர்கள், அந்த இருபது கொண்டை ஊசி வளைவில் புத்தகத்தைக் குனிந்து பார்த்தால் வயிறு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால் எளிய மொழிபெயர்ப்பு ஒன்றையும், கத்தோலிக்கர்கள் வைத்திருக்கும் திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அதில் துரோகம் ஒன்றுமில்லை.

அன்பினால் வாசிப்பது என்றால் ஆசை வந்தால் மட்டும் வாசிப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆசை வராத நாள் நிறைய இருக்கும். ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு வாசிப்பைச் சேர்த்துவிடுங்கள், காலைக் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் என்பதுபோல. வறண்ட நாளில் 117ஆம் சங்கீதம், இரண்டே வசனம். துக்கமான நாளில் 13ஆம் சங்கீதம், கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று ஆரம்பிக்கும். 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டில்தான் முடிகிறது, அதையும் எடுத்து வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அதனால் சந்தோஷ முகத்தோடுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் மன்னிப்புக் கேட்கும் ஜெபத்தில் பத்து நிமிஷத்தைச் செலவழிக்காமல் நேராக விட்ட இடத்தைத் திறங்கள்.

கடைசியாகப் பிள்ளைகள் விஷயம், ஏனென்றால் நம்மில் பலருக்கு இந்தக் குற்ற உணர்ச்சி ஏறியதே சின்ன வயதில்தான். வேதம் வாசிச்சியா, அப்போதான் டிபன் என்று சொல்லாதீர்கள். சேட்டை பண்ணினதற்குத் தண்டனையாக 119ஆம் சங்கீதத்தை எழுதச் சொல்வதும் வேண்டாம், 176 வசனம், பாவம். அதற்குப் பதில் நீங்கள் வாசித்ததைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுங்கள். பேதுரு சிறையிலிருந்து தப்பித்து வந்து கதவைத் தட்டுகிறார், ரோதை என்ற வேலைக்காரப் பெண் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிவிடுகிறாள், அவர் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார். இன்னொரு நாள் பவுலின் நீண்ட பிரசங்கத்தில் ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிடுகிறான். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அப்போஸ்தலர் 20இல் இருக்கிறது, நீயே பார் என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்ளுங்கள்.