இன்ஸ்டால் செய்ய விடவில்லையா? எண்ணைப் பாருங்கள்

அலுவலக விண்டோஸ் கணினியில் மென்பொருளை நிறுவும்போது 1625 என்ற பிழை எண் வந்தால், கோப்பைத் திரும்பத் திரும்ப டவுன்லோட் செய்யாதீர்கள். கோளாறு கோப்பில் இல்லை; நிறுவனம் கணினியில் வைத்திருக்கும் கட்டுப்பாட்டு விதி, அதாவது பாலிசி, தடுக்கிறது.

எண் எதுவும் இல்லாமல், நிர்வாகி தடுத்துள்ளார் என்று மட்டும் வருகிறதா? கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்று உள்ளே போய் ஆப்லாக்கர் (எந்த மென்பொருள் இயங்கலாம் என்று கட்டுப்படுத்தும் விண்டோஸ் வசதி) பதிவுகளைப் பாருங்கள். 8004 என்ற ஈவென்ட் எண் இருந்தால் எக்ஸ்இ கோப்பு தடுக்கப்பட்டிருக்கிறது. 8007 என்றால் எம்எஸ்ஐ என்ற நிறுவல் கோப்போ ஸ்கிரிப்ட்டோ தடுக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கோப்பு, எத்தனை மணிக்கு என்பதும் அங்கேயே இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எதற்காக அந்த மென்பொருள் தேவை என்பதையும் எழுதி ஐடி பிரிவுக்கு அனுப்புங்கள். வெறுமனே "இன்ஸ்டால் ஆகவில்லை" என்றால், பாவம், அவர்கள் எங்கே தேடுவார்கள்?

சரி, அனுமதி கொடுத்துவிட்டார்கள். அப்புறம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் புதிய பாலிசி வந்து சேர 90 நிமிடத்துக்கு மேலும் ஆகலாம்.