துளைதானே என்று நினைத்தேன்

"பனியன் ஆபரேஷன்" என்று போனில் சொன்னதும் திருச்சி நாத்தனார், "பனியனுக்கு எதுக்கு அண்ணி ஆபரேஷன்?" என்றாள். கால் பெருவிரலின் அடிமூட்டு புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் சாய்வதற்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் (bunion).

டிசம்பரில் என் வலது காலுக்குச் செய்தார்கள். சில மில்லிமீட்டர் துளைகள் வழியே கருவியை விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி எலும்பை அறுத்து நகர்த்தி, திருகாணியால் நிறுத்தினார்கள். மாலையே சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அறுத்தது எலும்பு. சேர ஆறு வாரமாவது வேண்டும்.

உங்களுக்கும் இங்கே இந்த ஆபரேஷன் என்றால், முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணத்துக்கு அது வேண்டும். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் முன்பே கேளுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுப் போங்கள். புகைப்பவர்களுக்கு எலும்பு சேரத் தாமதமாகும்.

அடுத்தது வீடு. குளியலறை வாசல்படியை நான் மறந்தே போனேன். பாதத்தின் முன்பகுதி படாமல் குதிகாலில் நடக்கும்போது அந்த நாலு அங்குலம் மலைபோல இருக்கும். சுவரில் கைப்பிடி, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி, கட்டு நனையாமல் உறை, மூன்றையும் முன்பே வாங்கி வையுங்கள்.

கெட்டி அடிப்பாகத்தோடு ஒரு செருப்பு தருவார்கள். வீட்டுக்குள்ளும் அதோடுதான் நடக்கணும். "சாமி இருக்கிற இடத்துல செருப்பா?" என்று மாமியார் முகம் சுளித்தார். ஈரத்துணியால் அடியைத் துடைத்துக் காட்டிய பிறகே சமாதானம். மற்றக் காலுக்கும் அதே உயரத்தில் ஷூ போடுங்கள், இல்லாவிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

முதல் இரண்டு வாரம் படுத்து, தலையணை அடுக்கி, காலை நெஞ்சுக்கு மேலே வையுங்கள். முக்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்வது போதாது. ரசம் வைக்கிறேன் என்று பத்து நிமிடம் நின்றேன். கால் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், மூச்சுத்திணறல், காய்ச்சல், துளையில் சீழ் என்று எது வந்தாலும் அடுத்த அப்பாயிண்ட்மெண்டுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். வலது கால் என்றால் டாக்டர் சொல்லும்வரை கார் ஓட்டக்கூடாது.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா என்று கேட்டேன். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை, அதுவும் வெறுங்காலோடு! வீக்கம் வடியவே மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். மகள் எடுத்தாள். நான் டாக்ஸியில் போய், செருப்பைக் கழற்ற முடியாததால், டேங்க் ரோட்டில் வெளியே நின்றே கும்பிட்டேன்.