ஒரு வருஷத்தைத் திரும்பிப் பார்க்கையில் விடுகிற தவறுகள்

டிசெம்பரில் திருகோணமலைக் கடல் ஆளைக் கிட்ட விடாது. வாடைக் காற்றும் மழையும் ஓயாது, கொடியில் போட்ட உடுப்பு மூன்று நாளானாலும் காயாது. அந்த நாட்களில்தான் நாங்கள் கொப்பியை விரித்து, இந்த வருஷம் எப்படிப் போனது, எந்தப் பாட்டு மனதில் நின்றது என்று எழுதத் தொடங்குகிறோம். நானும் பல வருஷமாக எழுதுகிறேன். அதில் நிறையப் பிழை விட்டிருக்கிறேன்.

பெரிய பிழை, ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதுவது. தெற்கே ஹிக்கடுவைப் பக்கம் டிசெம்பரில் கடல் அமைதியாகிவிடும். எங்கள் கரையில் மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான் நல்ல காலம். நிலாவெளியில் விடுதிகள் நிறைந்திருக்கும், புறாத்தீவுக்குப் படகுகள் ஓடும், உப்புவெளி மணலில் பிள்ளைகள் இருட்டும் வரை விளையாடுவார்கள். மழைக்குள் குந்தியிருந்து யோசிக்கிறவருக்கு அந்த மாதங்கள் தூரத்தில் தெரியும். போன கிழமை வந்த தடிமன்தான் பெரிதாகத் தெரியும்.

இது எங்கள் குறை மட்டுமல்ல, மனித மனமே அப்படித்தான். உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆட்களை 14 பாகை குளிர்நீரில் 60 விநாடி கை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை, அதே 60 விநாடிக்குப் பிறகு மேலும் 30 விநாடி கையை எடுக்க விடாமல், நீரை மட்டும் ஒரு பாகை அளவு சூடாக்கினார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீண்டதையே தெரிவு செய்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால், கூடப் பட்ட வேதனை கணக்கில் வரவில்லை. ஒரு வருஷத்துக்கும் அப்படித்தான், கடைசி மாதத்தின் நிறம் முழுதிலும் ஊறிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே எழுத முதல், போனில் உள்ள படங்களை ஜனவரியிலிருந்து வரிசையாகப் பாருங்கள். அதைவிட நல்லது சமையலறைக் கலண்டர். எங்கள் வீட்டுக் கலண்டரில் காஸ் மாற்றிய திகதி, சீட்டுக்காசு கட்டிய திகதி, பால்காரர் வராத நாள் எல்லாம் இருக்கும். மார்ச் மாதத்துக் கட்டம் ஒன்றில் ‘அம்மா கண்’ என்று இரண்டே சொல் எழுதியிருந்தது. அதைக் கண்ட பிறகுதான் அந்த நாள் முழுதாகத் திரும்பி வந்தது.

அன்று அம்மாவுக்குக் கண்புரை சத்திரசிகிச்சை. பின்னேரம் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டு, மற்றக் கண்ணையும் மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தா. ஓட்டோ ரேடியோவில் ஒரு பழைய பாட்டு தொடங்கியது. இன்னும் யாரும் பாடவில்லை, புல்லாங்குழல் மட்டும்தான். அம்மா கண் திறக்காமலே, “சுசீலா பாடினது” என்றா. சரியாகச் சொன்னா. வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் பாட்டு முடியும் வரை ஓட்டோக்காரத் தம்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டு ரேடியோவை விட்டுவைத்தார்.

அந்த வருஷத்தில் என்னுடைய பாட்டு அதுதான். ஆனால் எந்தச் செயலியும் அதை எண்ணவில்லை. நான் அதிகம் கேட்டவை என்று பாட்டுச் செயலி ஸ்பொடிபை தந்த ஆண்டுப் பட்டியலில் முதலாவதாக நின்றது, கலைவிழாவுக்குப் பிள்ளைகளுக்கு நடனம் பழக்க நான் போட்ட பாட்டு. மூன்றாவது அடியில் வலதுகால் பிழைத்தால் திரும்ப முதலிலிருந்து. ஒரு பின்னேரத்துக்கு இருபது தடவை. கடைசியில் அதன் தொடக்க மேளம் கேட்டாலே தலை இடிக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், செயலி தருகிற பட்டியலை உங்கள் விருப்பப் பட்டியல் என்று எடுக்காதீர்கள். அது எண்ணுவது அந்தச் செயலியில் ஓடியதை. 30 விநாடி ஓடினாலே ஸ்பொடிபைக்கு அது ஒரு தடவை. நீங்கள் நித்திரையானாலும், பிள்ளை போனை எடுத்தாலும், கணக்கு கணக்குத்தான். டிசெம்பர் தொடங்கும் முன்பே கணக்கெடுப்பையும் முடித்துவிடுவார்கள். பஸ்ஸில் கேட்டது, கலியாண வீட்டில் கேட்டது, கோயில் ஒலிபெருக்கியில் கேட்டது எதுவும் அதற்குள் இல்லை. கோணேசர் கோயிலில், பாறையில் அலை அடிக்கிற சத்தத்தோடு சம்பந்தர் இந்தத் தலத்துக்குப் பாடிய பதிகத்தை யாரோ ஒரு அம்மா தாளம் தட்டிப் பாடக் கேட்டிருப்பீர்கள். அதை எந்தப் பட்டியலில் தேடுவது?

இந்த வருஷம் வெளிவந்த பாட்டுகளை மட்டும் எழுத வேண்டும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்திய பாட்டை இப்போதுதான் முதன்முதல் கேட்டீர்கள் என்றால் அது இந்த வருஷத்துப் பாட்டுத்தான். வேண்டுமானால் புதியவற்றுக்குத் தனிப் பக்கம் வையுங்கள்.

பாட்டின் பெயரை மட்டும் எழுதி விடுவது இன்னொரு பிழை. என் பழைய கொப்பியில் பன்னிரண்டு பாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்து ஏன் அங்கே இருக்கின்றன என்று எனக்கே தெரியாது. யூடியூப் இணைப்பை மட்டும் சேமித்தவர்களுக்கு அதுவும் மிஞ்சாது, வீடியோவை நீக்கிவிட்டால் பெயர்கூட இல்லை. பாட்டு, பாடியவர், இசையமைத்தவர், பிறகு எங்கே, யாரோடு கேட்டது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் முக்கியம்.

நிகழ்வுகளிலும் வீசா கிடைத்தது, பாஸ் பண்ணியது, காணி வாங்கியது என்று மற்றவருக்குச் சொல்லக்கூடியவற்றையே எழுதப் பார்ப்போம். அண்ணா கட்டாருக்குப் போன இரவு, றெயில் அசைந்த பிறகும் அப்பா மேடையில் நின்றதை நான் அந்த வருஷம் எழுதவில்லை. சந்தோஷமானவை மட்டும் போதும் என்று நினைத்தேன். இப்போது அந்தப் பக்கத்தைத்தான் தேடுகிறேன்.

அவசரப்பட்டு 20ஆம் திகதியோடு கொப்பியை மூடாதீர்கள். டிசெம்பர் 26 காலை 9.25க்கு நாடே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும். 2004இல் கடல் உள்ளே வந்த கரையில் இருப்பவர்களுக்கு அந்த நாள் இல்லாமல் வருஷம் முடிவதில்லை. திருவாதிரைக்கு முந்திய திருவெம்பாவை நாட்களும் பெரும்பாலும் அதையொட்டியே வரும். விடிய நாலரைக்கு சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கையால் பாடிக்கொண்டு போவார்கள். போர்வைக்குள் கிடந்து கேட்பேன். அதற்காக நான் கடைசி இரண்டு பக்கத்தை எழுதாமல் விட்டு வைப்பேன்.